மங்கலத்தானத்து வயல்

கல்லும் கடலும் – 14

சோபாராவில் பகவான்லால் இந்திராஜி 1882இல் ஸ்தூபத்தைத் தோண்டிய கதையைச் சென்ற இதழோடு முடித்தோம். இனி துறைமுகத்தை விட்டுவிட்டு, வசாய் கழியைக் கடந்து சாஷ்டித் தீவுக்குள் வருவோம். நாம் இறங்கப் போகும் ஊரின் பெயரை மும்பையில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு பௌத்த மடம் இருந்தது என்று நூற்றில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

மாகாட்டாணே.

தேவ்நார்க்காரர்களுக்கு அது ஒரு பஸ் டிப்போ. இங்கே தேவ்நார் டிப்போ இருப்பதுபோல அங்கே போரிவ்லி கிழக்கில் மாகாட்டாணே டிப்போ. அரசியல் பேசுபவர்களுக்கு அது ஒரு சட்டமன்றத் தொகுதி. 2022இல் மெட்ரோ ஏழாம் தடம் ஓடத் தொடங்கியபின் ஆக்குர்லி, போய்சர் தாண்டி வரும் ஒரு நிலையமாகவும் ஆகிவிட்டது. மடத்தைத் தேடினால் தத்தபாடாப் பக்கம், மேற்கு விரைவு நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரமில்லாமல், வீடுகளின் முதுகுக்கு நடுவே கிடைக்கும்.

குடைவரைதான். காலம் கி.பி. ஆறாம் நூற்றாண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒரு சைத்தியம், அதைச் சுற்றிச் சிதைந்த அறைகள், தேய்ந்த தூண்கள், சுவரில் அமர்ந்த நிலையில் புத்தர். தோரண வேலைப்பாடு ஒரு காலத்தில் நேர்த்தியாக இருந்திருக்க வேண்டும். இப்போது மழையும் புகையும் தின்றது போக மிச்சம். எலிபெண்டாவையோ கான்ஹேரியையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஏமாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை தேசியப் பூங்காவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகும் கூட்டம் இந்த இடத்தை ஏறிட்டும் பார்க்காமல் கடந்துபோகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்கத் தகுந்தபடி அங்கே யாரும் எதையும் வைத்திருக்கவில்லை.

இந்த மடத்தில் கிடைக்காத செய்தி ஆறேழு கிலோமீட்டர் தள்ளி மலைமேல் கிடைக்கிறது. மாகாட்டாணேயின் பிறப்புச் சான்றிதழ் கான்ஹேரியில் இருக்கிறது என்று சொல்லலாம்.

கான்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். அவற்றில் 81ஆம் எண் குகையில் பிராகிருதத்தில் ஒரு கல்வெட்டு. சாதவாகன மன்னன் கௌதமீபுத்திர யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் 16ஆம் ஆட்சியாண்டு, கோடைக் காலத்தின் முதல் பட்சம், ஐந்தாம் நாள் என்று தேதி போட்டுத் தொடங்குகிறது. நம் கணக்கில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கொடுப்பவன் அபரேணுகன். கல்யாண் நகரத்து வணிகன், குடும்பஸ்தன், உபாசகன். தன் குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, கண்ஹசேல மலையில் ஒரு குகையும் கூடமும் பத்ராயணீயப் பிரிவைச் சேர்ந்த பிக்குகளுக்கு அளிக்கிறான். குகை கொடுத்தால் மட்டும் போதுமா? உள்ளே இருப்பவர்கள் உடுக்கவும் உண்ணவும் வேண்டாமா? அதற்காக 200 கார்ஷாபணம் முதலாக வைக்கிறான். கூடவே ஒரு வயலும் எழுதி வைக்கிறான். வயல் இருக்கும் ஊரின் பெயர் மங்கலத்தானம்.

அந்த மங்கலத்தானம்தான் இன்றைய மாகாட்டாணே என்பது அறிஞர்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட முடிவு. சமஸ்கிருத வடிவில் மங்களஸ்தானம். மங்கலமான இடம், நல்ல இடம் என்று பொருள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் பெயரை விளக்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, புத்தர் கோயில் இருந்ததால் அந்த இடம் மங்களஸ்தானம் ஆயிற்று என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது நிற்காது. வயலைக் குறிக்கும் கல்வெட்டு இரண்டாம் நூற்றாண்டு, குகை ஆறாம் நூற்றாண்டு. நடுவில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள். குகையை வெட்ட உளி எடுத்தவனின் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கும் முன்பே அந்த ஊர் மங்கலத்தானம் என்று பெயர் வாங்கிவிட்டது. ஆகவே மடம் ஊருக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஊர்தான் மடத்துக்குப் பெயர் கொடுத்தது. முதலில் இருந்தது வயலும் அதை உழுத குடிகளும்.

இது என் வாசிப்பு. இதைவிட நல்ல விளக்கம் கல்லில் கிடைத்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் அந்நியமே இல்லை. மங்கலம் என்று முடியும் ஊர் நம்மிடம் எத்தனை! பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்கள் சதுர்வேதிமங்கலங்கள் ஆயின. பின்பாதியான 'ஸ்தானம்' பிராகிருதத்தில் 'தான' ஆகி, மராத்தி நாக்கில் 'டாணே' ஆயிற்று. சிலாஹாரர்களின் தலைநகரான ஸ்ரீஸ்தானகம் இன்றைய தாணே. போலீஸ் ஸ்டேஷனும் மராத்தியில் டாணேதான். நம் ஊர்ப் பக்கம் பழைய ஆட்கள் போலீஸ்காரரை டாணாக்காரன் என்பார்களே, அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். ரயில் நிலையத்துக்கு மராத்தியில் ஸ்தானக். ஆகவே மாகாட்டாணே ஸ்தானக் என்று சொல்லும்போதெல்லாம் ஒரே சொல்லை இருமுறை சொல்கிறோம், நடுசென்டர் என்பதுபோல.

முன்பாதிக்கு வந்தது இன்னும் பெரிய தேய்மானம். மங்கல என்பதில் மெல்லெழுத்து உதிர்ந்து, அதற்கு ஈடாக முதல் உயிர் நீண்டு, லகரமும் போய், மாகா என்று நிற்கிறது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டு நடையில் அவ்வளவுதான் தேய்ந்திருக்கிறது என்பதே ஆச்சரியம்.

மேலே இருக்கும் பெரிய மடத்தின் பெயரும் இதே மாதிரி உருண்டு வந்ததுதான். கண்ஹசேல என்கிறது அபரேணுகனின் கல்வெட்டு. கண்ஹ என்றால் கருமை, சேல என்றால் நம் சைலம், மலை. கண்ஹகிரி, கிருஷ்ணகிரி என்றும் எழுதினார்கள். அது தேய்ந்து கான்ஹேரி. நம் காதுக்கு அதில் ஓர் ஏரி கேட்கும். ஏரி இல்லை, கிரிதான் அது. கருமலை. தருமபுரிக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரியும் போரிவ்லிக் காட்டுக் கான்ஹேரியும் பெயரளவில் ஒன்று. கண்ஹ என்பது ஆள் பெயராகவும் இருந்தது. அமராவதி மகாசைத்தியத்தின் அடியில் ஒரு கல் பலகை கொடுத்தவன் பெயர் தமிள கண்ஹன், அதாவது தமிழன் கண்ஹன். தம்பி சுல்ல கண்ஹன், சின்னக் கண்ஹன். தங்கையும் உடன் சேர்ந்து கொடுத்திருக்கிறாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெயரை வைத்துப் பெரியவன் சின்னவன் என்று கூப்பிடும் வழக்கத்தை அந்தக் கல்லில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியகருப்பன், சின்னக்கருப்பன் என்று ஊரில் இன்றும் கூப்பிடவில்லையா?

வயலுக்குத் திரும்புவோம். அபரேணுகன் வைத்த 200 கார்ஷாபணத்துக்குக் கல்வெட்டு தரும் பெயர் அக்ஷயநீவி. நீவி என்றால் முதல், அக்ஷய என்றால் குறையாதது. முதலைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும் செலவு செய்யலாம். சோழநாட்டுக் கோயில்களில் நந்தாவிளக்குக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு ஆடு விட்டு, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்களே, அதே ஏற்பாடு. கிழடு கழிந்து குட்டி வந்து எண்ணிக்கை நிற்கும். ஆடு சாகும், எண்ணிக்கை சாகாது.

வட்டி எவ்வளவு? அதற்கு நாசிக் போக வேண்டும். சற்று முந்தைய காலத்தில், க்ஷத்ரப மன்னன் நகபானனின் மருமகன் உஷவதாதன் நாசிக் குகை ஒன்றில் 3,000 கார்ஷாபணம் வைத்தான். அதை கோவர்தனத்து நெசவாளர் சங்கங்களிடம் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தான். 2,000 பணம் நூற்றுக்கு மாதம் ஒன்று வட்டிக்கு, 1,000 பணம் முக்கால் வட்டிக்கு. முதல் தொகையின் வட்டியிலிருந்து இருபது பிக்குகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு கார்ஷாபணம் துணிக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,000க்கு மாதம் இருபது, ஆண்டுக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் அதே 240. ஒரு காசு பிசகவில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் கைமாற்று வாங்குகிறவர் 'ஒரு ரூபா வட்டி' என்று சொன்னால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றுதானே பொருள்? உஷவதாதனின் நெசவாளர்களுக்கு அந்தப் பேச்சு உடனே புரிந்திருக்கும்.

அதே ஒரு ரூபா வட்டியைக் கல்யாண் வணிகனின் 200க்குப் போட்டால் ஆண்டுக்கு 24 கார்ஷாபணம். நாசிக் விலைவாசியில் இரண்டு பிக்குகளுக்குத் துணி. அதோடு சரி. அதனால்தான் அந்த வயல் முக்கியம் என்று நினைக்கிறேன். ரொக்கம் துணிக்கும் சில்லறைச் செலவுக்கும். சோறு மங்கலத்தானத்து நெல்லிலிருந்து வந்திருக்க வேண்டும். ரொக்கத்தை யாராவது ஏமாற்றலாம், சங்கம் நொடித்துப் போகலாம், நாணயம் செல்லாமல் போகலாம். வயல் எங்கும் போகாது. கொடுத்தவன் வணிகன் அல்லவா, எல்லாவற்றையும் ஒரே பையில் போடவில்லை.

ஊரின் கிடப்பும் இதற்குப் பொருந்துகிறது. தஹிசர் ஆறும் போய்சர் ஆறும் கான்ஹேரிக் காட்டில்தான் பிறக்கின்றன. இரண்டும் மலையிலிருந்து இறங்கி மேற்கே கடலுக்குப் போகும் சமவெளி நல்ல நெல் நிலம். மலைமேல் பாறை. அங்கே மழைத் தண்ணீரைத் தேக்கக் குகைக்குக் குகை தொட்டி வெட்டினார்கள். கல்வெட்டுகள் அவற்றைப் 'போடி' என்கின்றன. பாறையில் வாய்க்கால் கீறி, ஒரு தொட்டி நிரம்பினால் அடுத்ததற்குப் போகிற மாதிரி செய்த வேலையை இன்று பார்த்தாலும் கைகூப்பத் தோன்றும். ஆனால் தொட்டித் தண்ணீரில் நெல் விளையாது. தண்ணீர் மேலே, சோறு கீழே. கீழே இருந்த சோறுதான் மங்கலத்தானம்.

இப்படிப் பார்த்தால் ஆறாம் நூற்றாண்டுக் குகை ஏன் அங்கே வந்தது என்பதும் விளங்கும். கான்ஹேரி அப்போது கொங்கணத்தின் பெரிய மடங்களில் ஒன்று. அதற்குச் சற்று முன், திரைகூடகர் ஆண்டு 245இல், அதாவது கி.பி. 494-95இல், சிந்து நாட்டிலிருந்து வந்த புத்தருசி என்பவர் அங்கே சாரிபுத்தரின் நினைவாக ஒரு சைத்தியம் எழுப்பினார். பெரிய சைத்தியக் குகைக்கு முன்னால் இருந்த ஸ்தூபத்தில் அந்தச் செப்பேட்டை 1839இல் ஜேம்ஸ் பேர்ட் கண்டெடுத்தார். இவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வந்துபோகிற மடத்துக்குக் கீழே, சொந்த நிலம் இருக்கும் ஊரில், ஒரு கிளை வேண்டும்தானே? அறுவடையைப் பார்த்துக்கொள்ள, துறைமுகத்திலிருந்து வருகிறவர் இரவு தங்க, ஊராருக்கு வழிபட. கணக்குப்பிள்ளை மடம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. பெரிய மடத்தின் புகழில் இதற்குப் பங்கில்லை. ஆனால் இது இல்லாமல் பெரிய மடத்தில் அடுப்பு எரிந்திருக்காது.

நம் நாகப்பட்டினத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அங்கே சூடாமணி விகாரம் கட்டினான். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்குப் பள்ளிச்சந்தமாக ஓர் ஊரைக் கொடுத்தான். லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற ஏட்டில் அது விரிவாக இருக்கிறது. ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல். ஊரின் பெயர்? ஆனைமங்கலம்! அங்கும் ஒரு மங்கலம்தான் புத்தப் பள்ளிக்குச் சோறு போட்டது. இரண்டுக்கும் நடுவே எண்ணூறு ஆண்டு இடைவெளி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததாக நான் சொல்ல வரவில்லை. நெல் விளையும் ஊருக்கு நல்ல பெயர் வைப்பதும், அந்த நெல்லைத் துறவிகளுக்கு எழுதி வைப்பதும் இரு கரைகளிலும் இயல்பாக நடந்திருக்கின்றன.

வேறுபாடும் உண்டு. நாகப்பட்டினத்து மடம் ஓர் அரசனின் பெயரைத் தாங்கியது, கான்ஹேரி பாறையின் நிறத்தைத் தாங்கியது. மாகாட்டாணே தாங்கியது சோறு விளைந்த ஊரின் பெயரை. மூன்றில் எது நிலைக்கவில்லை? சூடாமணி விகாரம் என்று இன்று நாகையில் வழி கேட்டால் யாரும் கைகாட்டப் போவதில்லை. அதன் கடைசிக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கதையை இத்தொடரில் வேறொரு சமயம் பார்ப்போம்.

கான்ஹேரிக்கோ ஆறாம் நூற்றாண்டுக்குப் பின்னாலும் நீண்ட வாழ்க்கை இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அமோகவர்ஷனின் கீழ் சிலாஹாரர் கொங்கணத்தை ஆண்டபோது, கல்வெட்டுகள் அதை 'ஸ்ரீ கிருஷ்ணகிரி மகாராஜ மகாவிகாரம்' என்கின்றன. மலைக்கே மகாராஜப் பட்டம்! வங்கத்துக் கௌட நாட்டிலிருந்து வந்த அவிக்னாகரன் நூறு திரம்மம் முதலாக வைத்ததும் அப்போதுதான். 1009இலும் 1021இலும் பார்சிகள் வந்து 90ஆம் குகையில் பஹ்லவி எழுத்தில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள். சுற்றுலாப் போன இடத்தில் பெயர் எழுதுகிற பழக்கத்துக்கு ஆயிரம் வயது என்று இதைக் காட்டிச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பிறகு போர்த்துகீசியர். பிரான்சிஸ்கன் பாதிரியார் அந்தோனியோ தோ போர்த்தோ கான்ஹேரியின் பெரிய சைத்தியத்தைப் புனித மைக்கேல் தேவாலயமாக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் மாகாட்டாணேக்கு வந்தது வேறு படை. வீடு தேடி வந்தவர்கள். போரிவ்லி நகரமானது, வயல் மனையானது, மனை கிடைக்காதவர் பாறையோரம் தகரம் வேய்ந்தார். குகைகளைக் குடிசைக்காரர்கள் ஆக்கிரமித்துக் கெடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டைப் பலமுறை படித்திருக்கிறேன். தேவ்நாரில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது முழுதாகத் தலையாட்ட முடியவில்லை. 1976 மே மாதம், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்து, சுமார் 70,000 பேரைச் சீத்தா கேம்ப் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் நம் தமிழ் ஜனங்கள் ஏராளம். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது செம்பூர், கோவண்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் குகைகள் பாழானதில் அங்கே ஒண்டியவரின் பங்கு சிறிது. நகரம் வளர்ந்தபோது இங்கே ஒரு மடம் இருக்கிறது என்று கோடு போட்டு ஒதுக்காமல் விட்டவர்களின் பங்கு பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் தீட்சை பெற்ற பிறகு, இந்த நகரத்தின் எளிய பேட்டைகளில் எத்தனையோ புத்த விகார்கள் எழுந்தன. தேவ்நார், செம்பூர்ச் சந்துகளிலேயே நீலக் கொடியும் பஞ்சசீலக் கொடியும் பறக்கும் சின்னச் சின்னக் கட்டடங்களைப் பார்க்கலாம். மாகாட்டாணேயின் புத்தரை மீட்க வேண்டும் என்று யாராவது உண்மையாகக் கிளம்பினால், அவர்கள் பெரும்பாலும் இந்தப் பேட்டைகளிலிருந்துதான் கிளம்புவார்கள் என்பது என் கணிப்பு. தொல்லியல் ஆர்வலர் சங்கங்களை நம்பி நான் இல்லை.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் கான்ஹேரிக்குப் போங்கள். அது இருக்கும் தேசியப் பூங்கா திங்கட்கிழமை மூடியிருக்கும். கீழேயுள்ள பெரிய சைத்தியத்திலேயே நின்றுவிடாமல் மேலே ஏறி, 81ஆம் குகை எது என்று காவலாளியிடம் கேளுங்கள். கல்வெட்டைக் கண்ணால் பார்த்த கையோடு கீழே இறங்கி தத்தபாடாவுக்கு வாருங்கள். வயலுக்கு உரிமைப் பத்திரம் மேலே, வயல் கீழே. அந்த வரிசையில் பார்த்தால்தான் இந்தச் சிதைந்த தூண்களுக்குப் பொருள் உண்டு. சுற்றி வீடுகள் இருப்பதால் கேட்டுவிட்டு நுழையுங்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது வாசல்.

அடுத்த இதழில் போரிவ்லி மேற்கே மண்டபேஸ்வர் குகைக்குப் போவோம். சிவன் கோயிலுக்கு மேலேயே போர்த்துகீசியர் மடாலயம் கட்டிய இடம் அது.

(தொடரும்)